பள்ளத்தைப் பார்த்த வாயில்

நகராட்சி அலுவலகத்திலிருந்து வந்த அழைப்பிதழில் "ரயில் நிலையத் தலைவாயில் மீட்பு விழா" என்று அச்சிட்டிருந்தார்கள். தமிழாசிரியனாய் இருந்த பழக்கத்தில் ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையால் திருத்திவிட்டேன். எந்த மையாலும் திருத்த முடியாமல் நின்றது 'மீட்பு' என்னும் சொல். இழந்ததைத்தான் மீட்க முடியும். அந்த வாயிலை இவ்வூர் ஒருநாளும் பெற்றிருக்கவில்லை. கட்டிய நாள் முதல் அதன் வழியாக ஒருவர்கூட உள்ளே வந்ததில்லை. ஒருவர்கூட வெளியே போனதுமில்லை.

காரணம் எளியது. எங்கள் நிலையத்தின் முகம் தெற்கே இருக்கிறது. ஊர் வடக்கே இருக்கிறது.

இருப்புப்பாதை இங்கு வந்தது ஊருக்காக அன்று, கல்லுக்காக. தெற்கே ஒரு கல்குவாரி இருந்தது. கல் உள்ள இடத்துக்குக் கூலியாட்கள் வருவார்கள், கூலியாட்கள் உள்ள இடத்துக்குக் கடை வரும், கடையைச் சுற்றி ஊர் வளரும் என்று கணக்கிட்ட பொறியாளர், நிலையத்தைக் குவாரியைப் பார்த்தபடி நிறுத்தினார். வளைவு, தூண்கள், இரட்டைக் கதவு எல்லாம் தெற்கே அமைந்தன. வடக்கே வெறும் சுவர். கட்டடம் முடியும் தறுவாயில் குவாரியில் ஊற்று உடைத்துக்கொண்டது. ஒரே மழைக்காலத்தில் குவாரி ஏரியாயிற்று. ஒப்பந்தக்காரர் கடைசி வேலையைச் செய்யாமலே கிளம்பிவிட்டார். அந்தக் கடைசி வேலை, வாயிலுக்குப் படி கட்டுவது. அதனால் தெற்கு வாயிலைத் திறந்தால் காலடியில் ஓர் ஆள் உயரப் பள்ளமும், அதற்கப்பால் தண்ணீரும் இருந்தன.

முதல் ஸ்டேஷன் மாஸ்டர் வந்தபோது, பயணிகள் தண்டவாளத்தின் மேல் நடந்து வந்து நடைமேடையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். வடக்குச் சுவரில் ஒரு வாயில் வேண்டும் என்று அவர் மேலிடத்தைக் கேட்டிருக்கலாம். கேட்டால், கட்டடத்தைத் திருப்பி வைத்துக் கட்டிவிட்டோம் என்று மேலிடம் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். மேலிடங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அந்த மனிதர் விவரமானவர். வாயிலைக் கேட்காமல், பார்சல் அறை ஒன்றைக் கேட்டார். கோழிக்கூடைகளைத் தவிர அனுப்புவதற்கு எதுவுமில்லாத ஊருக்குப் பார்சல் அறை கிடைத்தது. வடக்குச் சுவரை உடைத்துத் தகரக் கூரை போட்டு ஓர் அறையை ஒட்டவைத்தார்கள். பார்சல் அறை என்றால் தராசு வேண்டுமே என்று, பாறாங்கல்லையே நிறுக்கத்தக்க இரும்பு எடைமேடை ஒன்றையும் மேலிடம் அனுப்பியது. வைக்க வேறு இடமின்றி, அதை வாசலுக்குக் குறுக்கே தரையோடு தரையாகப் பதித்தார்கள். சுவரில் வட்டமான முகப்பும் முள்ளும்.

அன்றுமுதல் இவ்வூரிலிருந்து போகிறவரும் இவ்வூருக்கு வருகிறவரும் தராசின் மேல் ஏறித்தான் ஆகவேண்டும். வேறு வழியில்லை. எங்கள் ஊரின் வழக்கங்கள் பலவற்றுக்கும் இதைவிட மேலான காரணம் கிடையாது.

முள் நகர்ந்தால் பார்க்காமல் இருக்க எந்த மனிதனால் முடியும்? பார்சல் எழுத்தர்கள் முதலில் வேடிக்கைக்காக எடையைச் சொன்னார்கள். பிறகு சொல்லாவிட்டால் ஊரார் நின்று கேட்டார்கள். கடைசிப் பார்சல் எழுத்தர் என் தங்கையின் கணவர். அவர் காலத்தில் அது ஒரு மரியாதையாகவே ஆகிவிட்டது. விடுதியில் தங்கிப் படிக்கப் போன பிள்ளை திரும்பி வந்தால், தாய் பிள்ளையின் முகத்தைப் பார்க்குமுன் முள்ளைப் பார்ப்பாள். தொலைவிலுள்ள ஆலைக்கு வேலைக்குப் போன பெண்களுள் ஒருத்தி எலும்பும் தோலுமாய் வந்திறங்கியபோது, என் மைத்துனர் எடையைச் சொல்லவில்லை. "டீ குடிச்சிட்டுப் போம்மா" என்றார். அதுவே ஊருக்குப் போதுமான செய்தியாயிற்று. வட்டிக்கடைக்காரர் ஒருவர், தம் உடல் எவ்வளவு என்று ஊருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, அந்த வயதிலும் மேடையை ஒரே தாவலில் தாண்டுவார். இறங்கும் காலின் குதிகால் எப்படியும் விளிம்பில் பட்டுவிடும். "கால்வாசிதான் தெரிஞ்சுது, மீதிய நாங்க போட்டுக்கறோம்" என்பார் என் மைத்துனர். ஒருமுறை, வெளியூரில் இறந்துபோன இளைஞன் ஒருவனைப் பெட்டியில் வைத்து ரயிலில் கொண்டுவந்தார்கள். பெட்டியும் அந்த வழியாகத்தானே வரவேண்டும்? தூக்கி வந்தவர்கள் மேடையில் கால் வைக்குமுன், அவர் எழுந்துபோய் முள்ளின் மேல் தம் துண்டைப் போட்டு மூடினார். அன்று மாலை வரைக்கும் எடுக்கவில்லை.

இவையெல்லாம் எந்த ஏட்டிலும் இல்லை. அவர் சொல்லுவார், கேட்டவர் நினைவில் வைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

பார்சல் அனுப்புவதே நின்றுபோன பிறகு அறை வெறுமனே கிடந்தது. மைத்துனரும் காலமானார். ரயில்வேக்காரர்கள் அவ்வறையை என் தங்கைக்கு வாடகைக்கு விட்டார்கள். அவள் அங்கே தேநீர்க்கடை வைத்தாள். ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் இரண்டு பெஞ்சு, நடுவே தராசு. எடை சொல்லும் வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

இப்படியிருக்கையில்தான் நகராட்சித் தலைவருக்குத் தெற்கு வாயில் நினைவுக்கு வந்தது. அவருக்கு ஊரார் வைத்த பெயர் 'திறப்புவிழா'. குழாயோ கழிப்பறையோ, எதையாவது திறக்காமல் அவரால் ஒரு வாரத்தைக் கழிக்க இயலாது. குவாரி ஏரியைச் சுற்றிப் பூங்கா அமைப்பது, தெற்கு வாயிலைத் தலைவாயிலாக்குவது, பார்சல் அறையை இடித்துவிட்டு அங்கே வண்டிகள் நிறுத்துவது என்று அவர் திட்டமிட்டார். பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் துறையும் பணம் தர முன்வந்தது. அத்துறையின் விதி: கட்டடம் அசல் வடிவத்துக்குத் திரும்ப வேண்டும், பிற்காலத்தில் சேர்த்தவை அகற்றப்பட வேண்டும். பார்வையிட ஓர் அதிகாரி வருவார். அவர் முன் வைப்பதற்கு நிலையத்தின் வரலாறு ஒன்று வேண்டும். அதை எழுதித்தரும்படி என்னைக் கேட்டார்கள். என் எழுத்தில் பொய் இராது என்பது ஊரறிந்த செய்தி. அது இம்முறை அவர்களுக்கு வசதியாகவும் இருந்தது.

செய்தி எனக்கு முன்னே என் தங்கைக்குப் போய்விட்டது. நான் கடைக்குள் நுழைந்ததும் என் எடையைச் சொல்லிவிட்டு, அடுப்பைத் தணித்தாள்.

"ஒரே ஒரு வரி அண்ணா. 'பார்சல் ரூம் ஆரம்பத்துலேர்ந்தே இருந்துச்சு'ன்னு எழுதிடு. யாருக்கு என்ன நட்டம்?"

அப்படி இருக்கவில்லையே என்றேன். அதிகாரியிடம் பழைய வரைபடம் இருக்கும் என்றும், பொய் என்று தெரிந்தால் மற்ற வரிகளையும் நம்பமாட்டார்கள் என்றும் விளக்கினேன். வரைபடமே இல்லாவிட்டாலும் எழுதமாட்டேன் என்பதை நான் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியும்.

"உன் உண்மை வந்து எனக்கு டீ ஆத்துமா?"

கடை போனாலும் அவள் தெருவில் நிற்கப்போவதில்லை, என் மனைவி போனபின் வீட்டில் இரண்டு அறைகள் பூட்டித்தானே கிடக்கின்றன, அங்கே வந்து இருக்கலாம் என்றேன். நல்லெண்ணத்தில் சொன்னேன். அவள் சிரித்தாள், அது நல்ல சிரிப்பாக இல்லை.

"உன் வீட்டுக்கா? ஒவ்வொரு வாய் சோத்துக்கும் பிழை திருத்துவ. அவர் போனப்பவே நான் வரல. யார் கையையும் பாக்காம இங்க நிக்கறேன் பாரு, அதுதான் எனக்கு வீடு." பிறகு, பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே, "எழுது, எழுது. நீ எழுதற வரலாத்துல நான் ஒரு மூலையிலயாவது நிக்கறேனான்னு பாக்கறேன்" என்றாள்.

எழுதினேன். ஒரு வாரம் எழுதினேன். பொறியாளர், ஊற்று, ஓடிப்போன ஒப்பந்தக்காரர், விவரமான ஸ்டேஷன் மாஸ்டர், எல்லாரும் வந்தார்கள். பார்சல் அறை பிற்சேர்க்கை என்ற வரியையும் எழுதினேன். எழுதியபின் அந்த வாக்கியத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 'வாயில்' என்னும் சொல்லே, 'இல்வாய்' என்பது முன்பின்னாக மாறி நிலைத்த சொல்தான். அதைப் பிழையில்லை என்று பல்லாண்டு வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான். சொல்லுக்குக் காட்டிய இரக்கத்தைச் சுவருக்குக் காட்ட எனக்கு அதிகாரம் இல்லை என்று எண்ணி, வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

அதிகாரி வரும் காலை, தெற்கு வாயிலில் பந்தலும் நாற்காலிகளும் போட்டிருப்பதாகவும், இருப்புப்பாதை மேட்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகவே வரவேண்டும் என்றும் தலைவர் ஆள்விட்டுச் சொல்லியிருந்தார். அப்படியே போவதாகத்தான் புறப்பட்டேன். வழியில் என் கட்டுரையின் முடிவுரையை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டே நடந்தேன். கால் தனக்குத் தெரிந்த வழியில் போயிற்று. நிமிர்ந்து பார்த்தபோது பார்சல் அறையில், தராசுக்கு இப்புறம் நின்றுகொண்டிருந்தேன். ரயில் அப்போதுதான் வந்து நின்றிருந்தது. கூட்டம் எதிர்ப்புறமிருந்து வந்தது. கூட்டத்தோடு, தோளில் பெரிய பையுடன், தலை நரைக்கத் தொடங்கியிருந்த ஒரு பெண்மணி மேடையின் மேல் ஏறினார்.

"அறுபத்தெட்டு. பையோட" என்றாள் என் தங்கை.

"என்னது?"

"உங்க எடைங்க. பையக் கீழ வெச்சா கொறையும்."

"நான் கேக்கவே இல்லையே."

"யாரும் கேக்கறதில்ல. ஏறினவங்களுக்குச் சொல்லிடுவோம்."

பின்னால் வந்த எங்கள் ஊர் முடிதிருத்துபவர், "திரும்பிப் போறப்பவும் ஏறிட்டுப் போங்க மேடம், எங்க ஊர் உங்களுக்கு ஒத்துக்கிச்சான்னு அதுலதான் தெரியும்" என்றார். அந்தப் பெண்மணி பையை இறக்கி வைத்துவிட்டு மறுபடி ஏறி நின்று முள்ளைப் பார்த்தார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தேநீர் கேட்டார். வந்திருப்பவர் யார் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. பையிலிருந்து அவர் வரைபடச் சுருளை உருவியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அதே நேரத்தில் நிலையத்தின் உட்புறத்திலிருந்து தலைவர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். தெற்கே பந்தலில் காத்திருந்து, ரயிலும் போய், யாரும் வராததால் தேடிக்கொண்டு வந்திருக்கிறார்.

"மேடம், நீங்க தப்பான வழியா வந்துட்டீங்க."

"எல்லாரும் இப்படித்தானே வந்தாங்க?"

தலைவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "இதோ, வரலாறு எழுதினவரே நிக்கறாரு. கடைக்காரம்மாவோட சொந்த அண்ணன். அவரே சொல்லட்டும். சார், இந்த ரூம் ஆதியிலேர்ந்து இருந்ததா, பின்னால ஒட்டவெச்சதா?"

என் தங்கை கையில் கெண்டியுடன் நின்றாள். அதிகாரியின் கண்ணாடிக் குவளை பாதிதான் நிறைந்திருந்தது. மீதியை ஊற்றாமல் அவள் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. நான் என்ன செய்யப்போகிறேன் என்று தெரிந்துகொள்ள விரும்பினாள், அவ்வளவுதான்.

"பின்னால கட்டினது" என்றேன்.

அவள் மீதித் தேநீரை ஊற்றிவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தலைவர் எங்கள் எல்லாரையும் தெற்கே அழைத்துச் சென்றார். அதிகாரி தேநீரைக் குடித்தபடியே வந்தார். பெரிய கூடத்தைக் கடந்து, இரட்டைக் கதவைத் தாண்டி நின்றோம். நான் அந்தக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தது அதுவே முதல்முறை. வெளிச்சமும் ஏரிக் காற்றும் உள்ளே வந்தன. எதிரே ஈரச் சிமெண்டின் மணம் மாறாத அகலமான படிகள், இருபுறமும் பூந்தொட்டிகள், குறுக்கே நாடா.

"எப்படி மேடம்? அரமணை மாதிரி இல்ல? படியெல்லாம் போன வாரம்தான் போட்டோம். ராவும் பகலுமா ஆள் வெச்சு முடிச்சோம்" என்றார் தலைவர்.

நான் முதற்படியில் காலை வைத்தவன், அப்படியே நின்றேன். ஒரு வாரமாக என் தாள்களில் தேடியது காலடியில் இருந்தது. படி இல்லை என்று நானே எழுதியிருந்தேன். எழுதிவிட்டு, இங்கே வந்து பார்க்காமல் இருந்துவிட்டேன்.

"அப்போ இதுவும் பின்னால கட்டினதுதான்" என்றேன்.

"என்ன சார் சொல்றீங்க?"

"மேடம், அசல்ல இங்க படி கிடையாது. உங்க வரைபடத்துல கோடு இருக்கலாம், கட்டலை. கதவு, அதுக்கு அப்புறம் பள்ளம். பின்னால வந்ததெல்லாம் போகணும்னா, அந்த ரூமும் போகட்டும், இந்தப் படியும் போகட்டும். விதி ரெண்டு பேருக்கும் ஒண்ணா இருக்கணும்."

தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "படி இல்லாம மனுஷன் எப்படி உள்ள வருவான்?"

"இதையேதான் முதல் ஸ்டேஷன் மாஸ்டரும் யோசிச்சாரு. அதனாலதான் அந்தப் பக்கச் சுவரை உடைச்சாரு."

அதிகாரி குவளையை ஒரு நாற்காலியில் வைத்தார். வரைபடத்தை விரித்துப் பார்த்தார், படியைப் பார்த்தார், குனிந்து சிமெண்டை நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு, கத்தரிக்கோல் வைத்த தட்டோடு நின்ற நகராட்சி ஊழியரிடம், "நீங்க இன்னிக்கு எந்த வழியா வந்தீங்க?" என்று கேட்டார்.

"பார்சல் ரூம் வழியாங்க."

"இந்த நாற்காலியெல்லாம்?"

"அதுவும் அப்படித்தாங்க. சுத்திட்டு வந்தா கை வலிக்கும். நாற்காலிக்குக்கூட அந்தம்மா எடை சொல்லிச்சு."

அதிகாரி தலைவரின் பக்கம் திரும்பினார். "நீங்க?"

தலைவர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

நாடா வெட்டப்படாமலே அன்றைய விழா முடிந்தது. முடிவு எழுத்தில் வரும் என்று சொல்லிவிட்டு அதிகாரி அடுத்த ரயிலுக்குப் போனார். போகும்போது தராசில் ஏறி நின்றாராம். என் தங்கை கூடவும் இல்லை குறையவும் இல்லை என்றாளாம். இதை முடிதிருத்துபவர் சொல்லித்தான் அறிந்தேன். ஏனென்றால் என் தங்கை என்னோடு பேசவில்லை.

பேசவில்லை என்றால் சண்டையிட்டாள் என்று பொருளல்ல, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. நான் நாள்தோறும் கடைக்குப் போனேன். தேநீர் வந்தது, சர்க்கரை சரியாக இருந்தது. ஆனால் நான் மேடையில் ஏறி நின்றால் அவள் எடையைச் சொல்லமாட்டாள். எனக்கு முன்னால் போனவருக்குச் சொல்லுவாள். பின்னால் வந்தவருக்கும் சொல்லுவாள். நான் நிற்கும்போது குவளை கழுவுவாள். முள்ளை நானே பார்த்துக்கொள்ளலாம், கண் இருக்கிறது. பார்க்க மனம் வரவில்லை. இத்தனை ஆண்டுகளில் அந்த வழக்கத்தைப் பற்றி நான் எவ்வளவோ பேசியிருப்பேன். அது எதற்காக என்பது அந்த வாரங்களில்தான் விளங்கியது. போனவன் எப்படித் திரும்பியிருக்கிறான் என்று ஒருவர் கவனித்துச் சொல்வது அது. கவனிக்க ஆளில்லாதவன் எவ்வளவு கனத்தால் என்ன, எவ்வளவு இளைத்தால் என்ன?

மழை தொடங்கிய பிறகு ஆணை வந்தது. நிலையத்தின் தெற்கு வாயில் ஒருபோதும் பயன்படாத நிலையே அதன் அசல் வடிவம் என்பதால், புதிய படிகள் அகற்றப்பட்டு, கதவு மூடிய நிலையில் காக்கப்பட வேண்டும். நிலையத்துக்கு எந்நாளும் வழியாக இருந்துவரும் வடக்கு அறை, தராசுடனும் இப்போதைய உபயோகத்துடனும் தொடர வேண்டும். அதிகாரியின் நடை நன்றாகவே இருந்தது. ஓரிடத்தில் மட்டும் ஒருமை பன்மை மயங்கியிருந்தது; விட்டுவிட்டேன்.

தலைவர் சோர்ந்துவிடவில்லை. படிகளை இடித்த பிறகு, கதவை முறைப்படி மூடுவதற்கு ஒரு விழா வைத்தார். அதே நாடாவைக் கதவின் கைப்பிடிகளில் கட்டி முடிச்சுப்போட்டார். எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். பிறகு எல்லாரும், தலைவர் உட்பட, பார்சல் அறை வழியாக வெளியே வந்தோம். தங்கை வரிசையாக எடை சொல்லிக்கொண்டே வந்தாள். என் முறை வந்தது. ஏறி நின்றேன். அவள் குவளையைக் கீழே வைத்தாள். ஆனால் எடையைச் சொல்லவில்லை.

"'பின்னால கட்டினது'ன்னு சொன்னியே. படி விஷயம் அப்பவே உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். படியில் கால் வைத்த பிறகுதான் தெரிந்தது என்றேன்.

"அப்ப ரூம் போனாலும் பரவாயில்லன்னுதான் சொல்லியிருக்க."

அதற்கு நான் ஆம் என்றுதான் சொல்ல முடியும். சொன்னேன். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பின்னால் நின்றவர்கள் பொறுமையாக இருந்தார்கள். இந்த ஊரில் தராசின் மேல் நிற்பவரை யாரும் அவசரப்படுத்துவதில்லை.

"பொய் சொல்லிக் காப்பாத்தியிருந்தா, உனக்கு நான் காலம் பூரா நன்றி சொல்லிட்டிருக்கணும். இது பரவாயில்ல" என்றாள். பிறகு முள்ளைப் பார்த்தாள். பார்த்தவள் முகம் மாறியது.

"அம்பத்தொண்ணு. என்னண்ணா இது? கடைசியா நான் சொன்னப்ப அம்பத்தஞ்சு இருந்தியே. வீட்ல என்னதான் சமைச்சுத் திங்கற?"

சமையல் எனக்குப் புதிதல்ல என்று தொடங்கினேன். அவள் கேட்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்திலிருந்த பெஞ்சைத் துணியால் துடைத்தாள்.

"நாளையிலேர்ந்து மத்தியானம் இங்க வந்து சாப்பிடு. சாப்பிடறப்ப பேசக்கூடாது."

பின்னாலிருந்த முடிதிருத்துபவர், "வாத்தியாரால அது முடியுமா?" என்றார்.

நிலையத்தில் மாட்டவிருந்த வரலாற்றுப் பலகைக்கு நான் எழுதிக்கொடுத்த வாசகத்தைத் திரும்ப வாங்கி, கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். பார்சல் எழுத்தரின் துணைவியார் இவ்வறையில் இன்றும் வருவோர் போவோரின் எடையைச் சொல்லி வருகிறார் என்பது அவ்வரி. 'இன்றும்' என்பதைத் தலைவர் 'இன்றளவும்' என்று மாற்றச் சொன்னார். மாற்றவில்லை. மறுநாள் மத்தியானம், ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டேன்.